காவிரிக் கண்காட்சி: அறிவிப்பு முதல் ஆணி வரை

கேள்வி இது: “திருச்சியிலிருந்து பூம்புகார் வரை உள்ள ஓவியர்களைக் கூட்டி, காவிரியை மட்டுமே பொருளாக வைத்து, நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் வட்டாரக் கண்காட்சி ஒன்றை நடத்த நினைக்கிறோம். நாங்கள் ஏழெட்டுப் பேர். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கூடம் கிடைக்கும். எதிலிருந்து தொடங்குவது? எங்கே தப்பு வரும்?”

அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள். கூடம், விளக்கு, திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பிறகு. இந்த மாதிரிக் கண்காட்சிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அறிவிப்பில்தான். கெட்டது தெரிய வருவதோ சுவரில் படம் ஏறிய பிறகு.

“காவிரி என்ற தலைப்பில் ஓவியங்கள் வரவேற்கப்படுகின்றன” என்று ஒரு வரி போட்டால் என்ன வந்து சேரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். இரு கரையும் தொட்டு ஓடும் நீலத் தண்ணீர், செக்கர் வானம், நடுவில் ஒரு பரிசல், பின்னால் மலைக்கோட்டை. இருநூறு படம் வந்தால் அறுபது இப்படித்தான் இருக்கும். அந்தக் காட்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1792-இல் தெற்கே வந்தபோது காவிரியிலிருந்து திருச்சி மலையை வரைந்து, பிறகு அக்வாடின்ட் என்ற செப்புத் தகட்டு அச்சாக வெளியிட்டார்கள். அவர்கள் அங்கே நின்று பார்த்து வரைந்தவர்கள். இன்று வருகிற படங்களில் பல, நாட்காட்டியையும் கைப்பேசியில் வந்த புகைப்படத்தையும் பார்த்து வரைந்தவை. ஒகேனக்கல் பக்கம் அன்றாடம் ஓடும் பரிசலைக் கும்பகோணத்துப் படித்துறையில் மிதக்கவிட்டிருப்பார்கள். ஆடிப் புதுப்புனல் நுரையும் செத்தையும் ஆகாயத்தாமரையுமாகக் காவி கலந்து வரும். அதை ஊதா நீலத்தில் தீட்டியிருப்பார்கள். கையில் திறமை இருக்கும். ஆறு மட்டும் இருக்காது.

ஆற்றுக்குப் போய், நின்று, பார்த்து வரைந்த படங்கள் வேண்டுமென்றால் அதற்கான கட்டாயத்தை விதிகளுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் மூன்று கேள்வி சேருங்கள்: எந்த இடம்? எந்த மாதம்? எந்தக் கரையிலிருந்து எந்தப் பக்கம் பார்த்து? இந்த மூன்றையும் நிரப்பாத விண்ணப்பம் ஏற்கப்படாது என்று எழுதிவிடுங்கள். அரூப ஓவியம் வரைபவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களும் ஏதோ ஓரிடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். “நேரில் பார்த்ததை ஆதாரமாகக் கொண்டிருக்க வேண்டும், வீட்டில் வைத்து முடிக்கலாம், தான் எடுத்த புகைப்படத்தைத் துணையாகக் கொள்ளலாம், பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததும், ஏஐ கருவியில் உருவாக்கியதும் ஏற்கப்படா” என்று நான்கு துண்டாகச் சொன்னால் பின்னால் வாதம் வராது.

காவிரியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போகிறது. மிஞ்சியது அங்கிருந்தும் கொள்ளிடத்துக்குப் போகும். அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு. இவையெல்லாம் சேர்த்தியா இல்லையா? சேர்ப்பதே நல்லது என்பேன். கடைமடையில் இருக்கும் ஓவியருக்குக் காவிரி என்பது வாசலில் ஓடும் வாய்க்கால்தான். மதகு, ஷட்டர், படித்துறை, படுகை வாழை, நாணல், கோடையில் மணலில் தோண்டிய ஊற்று, மணல் அள்ளிய பள்ளம், பூம்புகாரில் மெலிந்து கடலைத் தொடும் முகம், சுவாமிமலைச் சிற்பி சிலை வார்க்க எடுக்கும் வண்டல் மண் எல்லாமே காவிரி நிலக்காட்சிதான். மருதம் என்று பழைய இலக்கியம் சொன்ன திணையில் ஆறு மட்டும் தனியாக இருந்ததில்லை. வயலும் ஊரும் உழைப்பும் கூடவே இருந்தன. இப்படி ஒரு பத்தி எழுதி அறிவிப்பில் சேருங்கள். எதையெல்லாம் வரையலாம் என்று அது கதவைத் திறந்துவிடும்.

நாட்காட்டி

ஓர் ஆண்டு வேண்டும். நீளமாகத் தோன்றும், ஆனால் குறைக்க வேண்டாம். ஆறு ஓர் ஆண்டில் மூன்று முகம் காட்டும். ஓவியர் அதில் இரண்டையாவது பார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் அறிவிப்பு. ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணலாகக் கிடக்கும்போது ஒரு கள ஓவிய நாள், காலை 6 மணி முதல் 9 மணி வரை. ஒன்பதுக்கு மேல் வெயில் தலைக்கு மேலே ஏறினால் மணல் வெளுத்துப்போய் நிழலே இருக்காது, வரைவதற்கு எதுவும் நிற்காது. ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கான மரபான நாள். அணையின் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். புதுப்புனல் வரும் அந்த வாரம் தவறவிடக்கூடாதது. ஈரம் காணாத மணலில் முதல் தண்ணீர் விரல் விரலாகப் பிரிந்து ஊர்ந்து வருவதை அப்போதுதான் பார்க்க முடியும். எனவே தேதி குறிக்காமல், “திறப்புச் செய்தி வந்ததும் தகவல் தரப்படும்” என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வரும். அன்று படித்துறையில் குறிப்புச் சித்திரம் எடுக்கலாமே தவிர, ஈசல் என்னும் படத் தாங்கியை விரித்து உட்கார இடம் இருக்காது. உபரி நீர் திறக்கும் ஆண்டுகளில் ஆற்றுக்குள் இறங்கத் தடை போடுவார்கள். தடை இல்லாவிட்டாலும் கள நாளில் யாரும் ஆற்றுப் படுகைக்குள் உட்காரக் கூடாது, கரைக்கு மேலேதான் என்று விதி போடுங்கள். மேலே ஷட்டர் திறந்தால் கீழே தண்ணீர் ஏறுவது சத்தமில்லாமல் நடக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் 1836-இல் கட்டிய பழைய கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கள நாளுக்கு முன்பே உள்ளூர் நிர்வாகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள்.

செப்டம்பர் 30 படங்களின் புகைப்படம் வந்து சேரக் கடைசி நாள். அக்டோபர் இரண்டாவது வாரம் முதல் சுற்றுத் தேர்வு, மாதக் கடைசியில் முடிவு. அசல் படங்களை நவம்பர், டிசம்பரில் வாங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் கொட்டும் காலம் அது. கூடத்துச் சுவர் ஈரம் குடித்திருக்கும், காகிதம் அலை அலையாக வளைந்து பூஞ்சை பிடிக்கும். ஜனவரி முதல் வாரம் அசல் வரட்டும். பொங்கல் கழிந்து நான்காவது வாரம் திறந்து, 15 நாள் வையுங்கள். தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும். காலையில் பனி இறங்கும், தண்ணீர் தெளிந்து குறைந்திருக்கும். படத்தைப் பார்த்தவர் வெளியே வந்து ஆற்றையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

அறிவிப்பில் இருக்க வேண்டியவை

அளவு: ஃபிரேமோடு சேர்த்து அகலம் 4 அடிக்கும் எடை 10 கிலோவுக்கும் மிகாமல். ஒருவருக்கு இரண்டு படம் வரை. கடந்த 2 ஆண்டுக்குள் வரைந்தது. புகைப்படக் கலையைச் சேர்ப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். சேர்த்தால் தனிப் பிரிவாகவும் தனி எண்ணிக்கையாகவும் இருக்கட்டும். ஓவியத்தோடு ஒரே மதிப்பெண் தாளில் போட்டால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது. காப்புரிமை ஓவியருடையதே, கேட்டலாக்குக்கும் கண்காட்சி விளம்பரத்துக்கும் மட்டும் படத்தைப் பயன்படுத்துவோம் என்ற வரி கட்டாயம். “அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் குழுவுக்கே சொந்தம்” என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரியைப் பார்த்தால் நல்ல ஓவியர் பேசாமல் விலகிவிடுவார்.

விலையை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும், விற்பனைக்கு இல்லை என்றால் அதையும். விற்றால் குழு எடுக்கும் பங்கு 20 சதவீதமா 25-ஆ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பரிசுப் பணத்தோடு படத்தைக் குழு வைத்துக்கொள்ளும் ‘கொள்முதல் பரிசு’ இருந்தால், பரிசுத் தொகை படத்தின் விலைக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது பரிசு ஆகாது, பேரம்தான். நுழைவுக் கட்டணம் இரண்டு படத்துக்கு 300 ரூபாய் போல வைக்கலாம், மாணவர்களுக்கு வேண்டாம். 150 பேர் கட்டினால் 45,000 ரூபாய். நடுவர்களின் பயணத்துக்கும் மதிப்பூதியத்துக்கும் ஓரளவு ஆகும், அவ்வளவுதான். கட்டணத்தை நம்பிக் கண்காட்சி நடத்த முடியாது. கூட வாடகை, பேனல், விளக்கு, காப்பீடு நான்குக்கும் ஆதரவாளர் உறுதியான பிறகே அறிவிப்பை வெளியிடுங்கள்.

புகைப்படம்

முதல் சுற்றில் நடுவர் பார்ப்பது புகைப்படத்தைத்தான் என்பதால், எப்படி எடுப்பது என்பதை ஓவியருக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். காலை பத்து மணிக்குத் திறந்த நிழலில், அதாவது வெயில் நேரே படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் விழும் திண்ணையில், படத்தைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஃபிளாஷ் கூடாது. கேமராவின் லென்ஸ் படத்தின் நட்டநடுவுக்கு நேராக இருக்க வேண்டும். கைப்பேசி என்றால் பக்கத்தில் போய் எடுக்காமல், ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். பக்கத்தில் எடுத்தால் ஓரம் வளைந்து ஆறே வில் மாதிரித் தெரியும். நீர்வண்ணப் படத்தைக் கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஃபிரேம், சுவர், கையெழுத்து மூன்றும் தெரியாமல் வெட்டி, நீளமான பக்கம் 3,000 பிக்சலாவது இருக்கும்படி ஜேபெக்காக அனுப்ப வேண்டும். நிறத்தை ‘பளிச்’ என்று ஏற்ற வேண்டாம். அசலும் புகைப்படமும் ஒவ்வாவிட்டால், அசல் வந்ததும் பார்க்கும் இரண்டாம் சுற்றில் நீக்க உரிமை உண்டு என்று விதியில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, தூரிகைத் தடம் எல்லாம் குழம்பாகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் ஃபார்ம் வழியாக வாங்குங்கள். கோப்பின் பெயரில் ஓவியர் பெயர் இருக்கக் கூடாது. ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பெயர்ப் பட்டியல் அவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

நடுவர் குழு

மூன்று பேர் போதும். இருவர் என்றால் முடிச்சு விழும். ஐந்து பேர் என்றால் சராசரிக்கு வந்து நிற்கும், துணிந்து செய்த படம் ஒவ்வொரு முறையும் வெளியே போகும். மூவரும் போட்டி வட்டாரத்துக்கு வெளியே இருந்து வருவது நல்லது. சென்னைக் கவின்கலைக் கல்லூரி, புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடம், லலித் கலா அகாதெமியின் சென்னை மண்டல மையம் ஆகிய இடங்களில் விசாரித்தால் பெயர்கள் கிடைக்கும். கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே கற்பிப்பவரை நடுவராக அழைத்தால் விண்ணப்பிக்கும் மாணவரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களாக இருப்பார்கள். அந்தக் கல்லூரியைக் கள நாளுக்கும் பட்டறைக்கும் துணையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், தேர்வில் வேண்டாம். ஆற்றை அறிந்த ஒருவரை, பாசனப் பொறியாளரையோ தாவரவியல் ஆசிரியரையோ, வாக்கு இல்லாத ஆலோசகராக அறையில் உட்கார வைக்கலாம். “இது மருத மரம்தானா, இந்த மதகு எங்கே இருக்கிறது” என்று கேட்க ஆள் வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை நடுவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் இரண்டு மணி நேரம் நடக்க வையுங்கள். இதைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். என்ன பார்ப்பார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கலங்கிய தண்ணீரில் கரை மரத்தின் நிழல் மண்தரையில் விழுவதுபோல மேற்பரப்பிலேயே படியும். பிரதிபலிப்பு மங்கலாகத்தான் இருக்கும். தண்ணீர் தெளிந்துவிட்டால் நிழல் மேலே நிற்காது, அடிமணலில் போய் விழும். மேற்பரப்பில் வானமும் கரையும் தலைகீழாகத் தெரியும். அந்தப் பிரதிபலிப்பிலும் கருத்த அடிமரம் கொஞ்சம் வெளிறும், வெள்ளை அடித்த மண்டபம் கொஞ்சம் மங்கும். ஆடித் தண்ணீரைக் காவியில் தீட்டிவிட்டு அதில் கண்ணாடி மாதிரிப் பிரதிபலிப்பு வைத்த படமும், நேரில் பார்த்து வைத்த படமும் அடுத்தடுத்து வரும்போது, முந்தைய நாள் ஆற்றைப் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

புரொஜெக்டரில் காட்டாதீர்கள், இருண்ட நிறங்கள் வெளுத்துப்போகும். நல்ல 55 அங்குல டிவியோ மானிட்டரோ போதும். ஒவ்வொரு படத்தோடும் எண், ஊடகம், அளவு, இடம், மாதம் மட்டும் தெரியட்டும். அளவை விட்டுவிடுவது பெரிய தவறு. ஓர் உள்ளங்கை நீர்வண்ணமும் நான்கடிக் கேன்வாஸும் திரையில் ஒரே அளவாகத்தான் நிற்கும். நுணுக்கம் நிறைந்த சின்னப் படம் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தது, வந்திறங்கும்போது வெறிச்சோடிய பெரிய கேன்வாஸாக இருக்கும்.

240 படம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மதிப்பெண் இல்லாமல், படத்துக்கு 5 விநாடி வீதம் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டுங்கள். 20 நிமிடம் ஆகும். மொத்தத் தரம் என்ன, எந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்று நடுவர்களுக்குப் பிடிபடும். பிறகு படத்துக்கு 30 விநாடி, மொத்தம் 2 மணி நேரம். பேச்சு கூடாது, அவரவர் தாளில் 1 முதல் 4 வரை மதிப்பெண். ஐந்துக்கு வைத்தால் எல்லாரும் மூன்றில் போய் ஒளிந்துகொள்வார்கள்; நான்கு என்றால் வேண்டும், வேண்டாம் என்று ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். முதல் இருபது படத்தைக் கடைசியில் இன்னொரு முறை காட்டி மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கை எப்போதும் இறுக்கமாக இருக்கும், அந்தப் பாரம் முதல் எண்களில் வந்தவர்கள் தலையில் விழக் கூடாது.

கூட்டினால் அதிகபட்சம் 12. பத்தும் அதற்கு மேலும் வந்தவை உள்ளே. ஐந்தும் அதற்குக் கீழும் வெளியே. நடுவில் நிற்பவைதான் உண்மையான தேர்வு, பேசி முடிவெடுக்க வேண்டியவை. அதில் 4, 1, 1 என்று வாங்கிய படத்தை முதலில் எடுங்கள். கூட்டுத்தொகை 6 என்று பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஒருவர் முழு மதிப்பெண் போட்டதற்குக் காரணம் இருக்கும், அவர் சொல்லட்டும். இதோடு ஒவ்வொரு நடுவருக்கும் ஒரே ஒரு படத்தை மற்ற இருவர் மறுத்தாலும் உள்ளே கொண்டுவரும் உரிமை கொடுங்கள். மூன்றே படம்தான், கண்காட்சியில் மக்கள் நின்று விவாதிக்கும் படம் பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். தெரிந்தவர் படம் என்று ஒரு நடுவருக்கு அடையாளம் தெரிந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். மற்ற இருவர் மதிப்பெண்ணின் சராசரியை மூன்றாவதாகப் போட்டுக்கொள்ளலாம்.

அறையில் ஏற்பாட்டாளர் ஒருவர் மட்டும் இருக்கட்டும், அவரும் வாய் திறக்கக் கூடாது. “இவர் நம்ம ஊர்ப் பெரியவர்” என்ற ஒரு வார்த்தை போதும், தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

எத்தனை படம்: சுவர் சொல்லட்டும்

இந்த எண்ணை நடுவர்கள் உட்காருவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். கூடம் 40 அடிக்கு 25 அடி என்றால் சுற்றளவு 130 அடி. கதவு, ஜன்னல், மேடை, மின்பெட்டி என்று 40 அடி போகும், மிச்சம் 90. ஃபிரேமின் சராசரி அகலம் 3 அடி, இடைவெளி ஒன்றரை அடி, ஆக ஒரு படத்துக்கு நாலரை அடி. 20 படம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பேனல் 12 வைத்து இரு பக்கமும் மாட்டினால் இன்னொரு 24. மொத்தம் 44. மண், உலோகச் சிற்பம் ஐந்தாறு பீடத்தில் நிற்கலாம். நடுவர்களிடம் 44 என்று சொல்லுங்கள், ஒன்றுகூடக் கூடாமல். எண்பது தேர்வாகிவிட்டால் மேலும் கீழும் இரண்டு வரிசையாகக் கடைச் சரக்கு மாதிரி மாட்ட வேண்டி வரும். மேல் வரிசையை யாரும் பார்க்க மாட்டார்கள், அந்த நாற்பது பேரும் அடுத்த ஆண்டு அனுப்ப மாட்டார்கள்.

பேனலைத் தனித்தனியாக நிறுத்தக் கூடாது. மூன்று மூன்றாகக் கீல் போட்டு இசட் வடிவில் நிறுத்தினால்தான் நிற்கும். மண்டபத்துச் சீலிங் ஃபேன் ஓடினால் ஒற்றைப் பேனல் ஆடும், குழந்தை சாய்ந்தால் விழும். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே 5 அடி வழி விடுங்கள். சக்கர நாற்காலி திரும்ப அது வேண்டும்.

வந்து சேர்வதும் மாட்டுவதும்

அனுப்பும் முறையையும் தேர்வுக் கடிதத்தோடு எழுதி அனுப்புங்கள். அக்ரிலிக் படத்தின் முகத்தில் பபிள் ரேப் நேராகப் படக் கூடாது. நம் வெயிலில் லாரிக்குள் அக்ரிலிக் இளகி, குமிழ் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும், அதை எடுக்கவே முடியாது. முதலில் கிளாசின் எனும் வழுவழுப்பான தாள் அல்லது சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள், மூலைக்கு அட்டைக் காப்பு, அதன் மேல் பபிள் ரேப், பிறகு அட்டைப்பெட்டி. கேன்வாஸைச் சுருட்டினால் வண்ணப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும், குழாயின் விட்டம் 6 அங்குலமாவது இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிந்து வெடிக்கும். தூரத்திலிருந்து வரும் நீர்வண்ணப் படத்துக்குக் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போடச் சொல்லுங்கள். கண்ணாடி உடைந்தால் போவது கண்ணாடி மட்டுமல்ல, தூள் காகிதத்தைக் கீறிவிடும்.

படம் வந்த அன்றே, கொண்டுவந்தவர் முன்னால் பிரித்து, முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று ஆறு புகைப்படம் எடுத்து, ஒரு தாளில் நிலையைக் குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே தாள். காப்பீடு ஓவியரின் வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பச் சேரும் வரை இருக்கிறதா, கூடத்தில் இருக்கும் நாட்களுக்கு மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடைவது பெரும்பாலும் வழியில்தான்.

மாட்டும் உயரத்துக்கு ஒரே விதி: படத்தின் மையம் தரையிலிருந்து 58 அங்குலம். ஆணி எங்கே என்பதற்குக் கணக்கு: 58-ஓடு படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் ஃபிரேமின் மேல் விளிம்புக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 30 அங்குல உயரப் படம், கம்பி 4 அங்குலம் கீழே என்றால் 58 + 15 − 4 = 69. ஒருவர் அளவு சொல்ல ஒருவர் குறித்து ஒருவர் அடித்தால் ஒரு நாளில் 44 படமும் ஏறிவிடும். ஃபிரேமின் பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இரு பக்கமும் ஆங்கில D வடிவ வளையம் இருக்க வேண்டும். நடுவில் ஒற்றைக் கொக்கியோ நைலான் கயிறோ வந்தால் மாற்றிவிட்டு மாட்டுங்கள். நைலான் ஒரே வாரத்தில் நீண்டு படம் சாயும்.

ஆற்றங்கரை ஊர்களில் பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஃபிரேமின் கீழ் மூலை இரண்டிலும் கால் அங்குலத் தக்கையோ ரப்பரோ ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக விடுங்கள். நீர்வண்ணக் காகிதத்தை மவுண்ட் அட்டையில் முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருந்தால் ஈரத்தில் குமிழ் எழும். மேலே இரண்டு இடத்தில் மட்டும் காகித நாடாவால் தொங்கவிடுவதே சரி. இராமபாணப் பூச்சி பசையைத் தேடித்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டியூப் லைட் கண்ணாடிப் படத்தில் கோடாக விழும், அதை அணைத்துவிட வேண்டும். நிறம் காட்டும் குறியீடு (பெட்டியில் CRI என்று இருக்கும்) 90-க்கு மேல் உள்ள எல்இடி ஸ்பாட், ஒளியின் நிறம் 3,000 முதல் 4,000 கெல்வின், செங்குத்திலிருந்து 30 டிகிரிச் சாய்வில். படத்தில் விழும் வெளிச்சம் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், ஆயிலுக்கும் அக்ரிலிக்குக்கும் 150 முதல் 200 லக்ஸ். கைப்பேசியில் லக்ஸ் மீட்டர் ஆப் கிடைக்கும், துல்லியம் குறைவு என்றாலும் எது ரொம்பக் கூடுதல் என்று காட்டிவிடும்.

எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது என்பதை ஊர் வரிசையில் முடிவு செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். முக்கொம்பில் தொடங்கிப் பூம்புகாரில் முடிப்பது பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். மாத வரிசையில் மாட்டிப் பாருங்கள்: மணல், புதுப்புனல், நிறைவெள்ளம், மழைக் கலங்கல், தைத் தெளிவு. இடத்தைப் பெயர்ச்சீட்டு பார்த்துக்கொள்ளும். சீட்டில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, விலை, அதன் கீழே விண்ணப்பத்தில் அவர் எழுதிய இடமும் மாதமும். “கபிஸ்தலம், தென்கரை, மே” என்று ஒரு வரி இருந்தால் அந்த ஊர்க்காரர் படத்தின் முன்னால் பத்து நிமிடம் நிற்பார். வாசலில் பெரிய ஆற்று வரைபடம் ஒன்றை வைத்து 44 எண்ணையும் குறித்துவிடுங்கள்.

தேர்வாகாதவர்களுக்குக் கடிதம் தேர்வானவர்களுக்குப் போகும் அதே நாளில் போக வேண்டும். காரணம் எழுத வேண்டாம். 240-இல் 44 என்ற எண்ணைச் சொல்லுங்கள், அது உண்மையான காரணம். கண்காட்சி நடக்கும்போது ஒரு நாள், நடுவரில் ஒருவரை உட்கார வைத்து, தேர்வாகாதவர்கள் தங்கள் படத்தைக் கொண்டுவந்து 15 நிமிடம் பேசலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த ஆண்டு வரும் படங்களின் தரம் அந்த ஒரு நாளில்தான் ஏறும். நடுவர்களிடம் ஒரு பக்க அறிக்கையும் வாங்கிக் கூடத்தில் ஒட்டுங்கள். எதைத் தேடினோம், எது அதிகம் வந்தது, எது வரவே இல்லை என்று பெயர் குறிப்பிடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

திருப்பித் தரும் இரண்டு நாட்களைத் திறப்பு அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். 30 நாளுக்குள் எடுக்காத படத்தை ஓவியர் செலவில் அனுப்புவோம் என்று விதியிலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்துப் பன்னிரண்டு படம் யாரோ ஒருவர் வீட்டு மாடியறையில் தங்கி, அடுத்த ஐப்பசி மழையில் நனையும்.